ஏழு துண்டு, ஏழு கிழமை

இஸ்திரி மேசை முன்னால் பன்னிரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் காலில் பள்ளமாகக் கிடக்கும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி உட்கார்ந்து செய்கிற வேலை, இல்லையென்றால் வேலையே வேண்டாம். எங்கள் ஃபேக்டரியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், செக்கிங்.

கொரியாவுக்குப் போகிற கைத்துண்டு. செட்டுக்கு ஏழு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கிழமையின் பெயர் கொரிய எழுத்தில் எம்பிராய்டரி போட்டிருக்கும். இதுவரை கிழமைக்கு ஒரு நிறம். நிறத்தைப் பார்த்து அடுக்கினால் போதும், எழுத்தை யார் சீண்டினார்கள்? அடுத்த ஆர்டரில் ஏழும் வெள்ளை என்று தெரிந்ததும் செக்கிங்கில் இருந்தவள், "ஆளை விடுங்க சாமி" என்று தையலுக்கு ஓடிவிட்டாள்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"அந்த நாற்காலி எனக்கு வேணும் சார்."

"அக்கா, உங்களுக்குக் கையெழுத்துப் போடவே அரை மணி நேரம் ஆகும். கொரியன் படிக்கப் போறீங்களா?"

"என்னைக்குள்ள படிக்கணும்? அதைச் சொல்லுங்க."

"சனிக்கிழமை காலையில டெஸ்ட்" என்று சிரித்தான். சிரிக்கட்டும், நான் விடுவதாக இல்லை.

அந்த வாரம் பழைய கலர்த் துண்டுகளின் கடைசி லாட் இஸ்திரிக்கு வந்தது. நீலம் திங்கள், சிவப்பு செவ்வாய் என்று கலர் அட்டை சுவரில் தொங்கியது. அட்டையைப் பார்ப்பேன், எழுத்தைப் பார்ப்பேன், துண்டைத் தேய்ப்பேன். இரண்டாம் நாளே ஒன்று பிடிபட்டது. ஏழிலும் இரண்டு எழுத்து ஒன்றேதான், நம் 'கிழமை' மாதிரி. ஒரே ஒரு எழுத்து மட்டும்தான் வேறு. அட, இதற்கா இவ்வளவு பயந்தேன்!

உச்சரிப்பை மகள் போனில் கேட்டுச் சொல்லித் தந்தாள்.

"வொல், ஹ்வா, சு, மோக், கும், தோ, இல். எல்லாத்துக்கும் பின்னாடி 'யோஇல்' சேர்த்துக்கோ. வொல்னா நிலாம்மா, நம்ம திங்கள் மாதிரியே. இல்னா சூரியன், நம்ம ஞாயிறு."

"அடிப்பாவி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்தேன். பஸ்ஸில் முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டுக்காரி எனக்குப் பேய் பிடித்துவிட்டதென்று எழுந்து போனாள். நல்லதாய்ப் போயிற்று, காலை நீட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, நாலு வெள்ளை செட்டைக் கலைத்துப் பேக்கிங் மேசையில் பரப்பி வைத்திருந்தான் சூப்பர்வைசர். முதல் துண்டைக் கையில் எடுத்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. எல்லாம் முன்பின் பார்க்காத கோடுகள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே அக்கா."

அப்போதுதான் உறைத்தது. இஸ்திரி மேசைக்கு எதிரில் நின்று மடிக்கிற பெண் துண்டைத் தள்ளிவிடுவாள். எழுத்து எனக்குத் தலைகீழாகத்தான் வரும். வாரம் முழுக்க ஏழு கிழமையையும் தலைகீழாகவே படித்திருக்கிறேன்!

மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் நின்ற பக்கம் போனேன்.

"கொஞ்சம் தள்ளுங்க சார்."

"என்னக்கா இது, தலைகீழா?"

"தலைகீழாப் படிச்சாலும் திங்கள் திங்கள்தான். இது வொல்யோஇல். இது கும்யோஇல், வெள்ளி."

அதற்கப்புறம் கை நிற்கவில்லை. இருபத்தெட்டுத் துண்டையும் பிரித்து அடுக்கினேன். நாலாவது அடுக்கு இடித்தது.

"இதுல வியாழன் ரெண்டு இருக்கு. புதன் இல்லை."

"இருக்கவே இருக்காது. நானே எண்ணி வச்சேன்."

"எண்ணினீங்க சார். படிக்கலை."

மாதிரித் தாளை எடுத்து ஒவ்வொரு துண்டாக ஒத்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்கக் காது சிவந்தது. அந்த செட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சரிக்கா. திங்கட்கிழமையிலேர்ந்து நீங்கதான் செக்கிங்."

"இன்னைக்குத் தோயோஇல்தான் சார். ஷிஃப்ட் முடிய இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.