மாமா அழுத்திய பட்டன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் என் மாமனாரைக் கிண்டலடிக்கத்தான் எழுத ஆரம்பித்தேன். டிவியில் ஒரு வரைபடம் வந்தது. மனுஷன் சோபாவிலிருந்து எழுந்து போய், திரையில் இரண்டு விரலை வைத்து அகட்டினார். படம் பெரிதாகவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அகட்டினார்.

(லாரி மெக்கானிக்காக இருந்தவர். எது வேலை செய்யாவிட்டாலும் முதலில் தன் கை அழுக்கைத்தான் சந்தேகப்படுவார்.)

2

தொடக்கம் ஒன்று: "முப்பத்தொரு வருடமாக நீதிமன்றப் படிகளில்..." வேண்டாம், செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "மண்ணின் மைந்தர்களின் கண்ணீர்..." சீ. மாமா படித்தால் கொன்றே போடுவார்.

நேராகவே சொல்கிறேன். மாமாவும் என் மனைவியும் பூர்வகுடிகள், நான் இல்லை. அவர்களிடமிருந்து பறித்த மலையைத் திருப்பித் தருவதாக, முப்பத்தொரு வருட வழக்குக்குப் பிறகு அரசாங்கம் சமரசத்துக்கு வந்திருக்கிறது. அதன் ஒரே நீரூற்றை மட்டும் தராதாம். ஏற்பதா, மறுப்பதா? குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. ஊர்க்கூட்டம் டிவியில் நேரலையாக ஓடும். அது முடிவதற்குள் போனில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தியாக வேண்டும்.

3

மனைவி டிவித் திரையைத் தன் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினாள்.

"அப்பா, இங்க பாருங்க. ஊற்று கோட்டுக்கு வெளியதான் இருக்கு."

"எவ்ளோ வெளிய?"

"படத்துல உங்க நகத்தளவு."

"படத்துலயா நான் தண்ணி எடுக்கப் போறேன்?"

"வேணாம்னா மறுபடி முதல்ல இருந்து கேஸ் நடத்தணும்பா. உங்களுக்கு எழுபத்தினாலு."

"தண்ணி இல்லாத மலையை வாங்கி என்னம்மா பண்றது?" என்றார். பிறகு, "வாங்காமலே போய்ச் சேர்ந்துட்டா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

4

இங்கே நீங்கள் என்னைத் திட்டலாம். கூட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. மாமா போனைக் கையில் எடுத்தார். நானோ என் போனில் தலையைக் கவிழ்த்து, அவர் விரல் அகட்டியதை மறந்துபோவதற்குள் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டிவி அணைந்திருந்தது.

"எதை அழுத்தினீங்க மாமா?"

"பக்கத்துலதானே இருந்தீங்க மாப்ள?"

மனைவி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: 'ஏற்கிறேன்' என்று அழுத்தினார், ஏனென்றால்

முடிவு இரண்டு: 'மறுக்கிறேன்', அதுவும் யோசிக்காமலே

இரண்டையும் அடித்துவிட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் முடிவை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுவேன். இந்த முறை முடியாது. மலையில் எனக்கு ஓட்டில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் இல்லை.