பதினொரு வாசகர்கள்

ஒன்பது வருட உழைப்புக்கு வார வாடகை ஒரு தேநீரின் விலை என்று அப்பாவே தன் நாவலின் அட்டையில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். மகள் அதை மேல்தட்டிலிருந்து உருவியபோது தூசியில் தும்மல் வந்தது. முன்னறை முழுக்க அவருடைய வாடகை நூலகம். அடுத்த அறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பத்து மணிக்கு மயானத்துக்கு வண்டி. அதற்குள் அவருடைய அடையாள அட்டை வேண்டும்.

"என் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேம்மா. பீரோவைக்கூட எவனாவது உடைப்பான், அதை எவனும் தொட மாட்டான்," என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார், அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து.

அட்டை இருந்தது. கடைசிப் பக்கத்தில் கருத்துத் தாளும் இருந்தது. அந்த நூலகத்தில் அது சட்டம்: புத்தகத்தைத் திருப்பித் தரும்போது உறுப்பினர் எண்ணைப் போட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும். எவனும் தொடாத புத்தகத்தில் பதினொரு வரிகள்.

'பரவாயில்லை.' 'ஆரம்பம் நன்று, நடுவில் இழுக்கிறது.' 'பெரிதாக எதிர்பார்த்தேன். ஒரு தடவை படிக்கலாம்.' 'கதாநாயகி இவ்வளவு அழ வேண்டியதில்லை.'

காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விண்ணப்பங்களை மோப்பம் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. எவனும் தொட மாட்டான் என்றவர், இந்தப் பதினொன்றை என்னவென்று நினைத்தார்? முதல் சந்தேகம் அவர்மேலேயே விழுந்தது. தன் சரக்கைத் தானே புகழ்ந்தால் போணியாகாது, இரண்டு குறையைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது தெரிந்த மனிதர். ஆனால் அவர் எழுத்து வெறும் கோழிக் கிறுக்கல். இதில் மை மட்டும் ஊதா, கருப்பு, பச்சை என்று மாறியதே தவிர, எழுத்தெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றது.

தாளில் இருந்த அறுபத்து மூன்றாம் எண் ஓய்வுபெற்ற தபால்காரர். வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். நாவல் எப்படி இருந்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். மனிதர் நெளிந்தார்.

"பொய் சொல்ற இடமா இது? நான் எடுக்கவே இல்லம்மா. நல்லா இல்லேன்னா அப்புறம் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

மற்ற எண்களைப் பதிவேட்டில் தேடினாள். பாதிப் பேர் வீடு மாறிப் போனவர்கள், மீதிப் பேர் உலகத்தையே காலி செய்தவர்கள். பதிவேட்டை எழுதியவள் அம்மா. எழுத்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். மகள் தாளை அவள் மடியில் வைத்தாள். அம்மா மறுக்கவில்லை.

"அலமாரியில வச்சு ஆறு மாசமாகியும் ஒருத்தரும் எடுக்கல. மனுஷன் சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல."

"அப்ப நல்லதா நாலு வார்த்தை எழுதறதுக்கென்ன?"

"நம்பணுமேடி. உங்கப்பா என்ன ஏமாந்த ஆளா?" தாளை நீவிவிட்டு, "அதுவுமில்லாம, நடுவுல இழுக்கத்தானே செய்யுது," என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடைசி வரைக்கும் அவருக்குச் சந்தேகமே வரல. பதினொரு பேர் படிச்சாங்கன்னுதான் போயிருக்கார்." அழுது வீங்கிய முகத்தில், விற்காத சரக்கைத் தள்ளிவிட்டவளின் பெருமை ஒரு கணம் தெரிந்தது. "ஆமா, அடையாள அட்டை கிடைச்சுதா? எங்க இருந்துச்சு?"

"மேசை இழுப்பறையில," என்றாள் மகள். "அதைத் தேடுறப்பதான் இந்தத் தாள் கண்ணுல பட்டுது."

வாசலில் வண்டி வந்து நின்றது. ஒரு விண்ணப்பத்தை மூடும்போது செய்வதுபோல அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். வாசகர்கள் பதினொருவர். படித்தவர் ஒருவர். ஏமாந்தவரும் ஒருவர்.

ஏமாந்தவள் குனிந்து அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.