பெட்டியின் ஜெர்மன்

அந்தப் பெட்டிக்கு ஜெர்மன் பேசக் கற்றுக் கொடுத்தவள் நான்தான். இதை வெளியே சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

எண்பத்தேழாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, ஜெர்மன்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து அவர்கள் நாட்டுக்கு இயந்திரம் செய்த ஒரு கம்பெனி. ஆபத்து வந்தால் இயந்திரமே ஜெர்மனில் எச்சரிக்க வேண்டும் என்பது திட்டம். கம்ப்யூட்டர் பெட்டி வார்த்தைகளைச் சொல்லிவிட்டது, ஆனால் ஒரே மட்டத்தில் இழுத்தது. நெருப்பு என்று கத்தினாலும் தூக்கம்தான் வரும். குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று விதி எழுத ஆள் தேவைப்பட்டது. தினமும் மெட்ராஸுக்குப் பஸ் பிடித்துப் போய் ஜெர்மன் படித்திருந்த என்னை, அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த இராமச்சந்திரன் சார் வேலைக்கு எடுத்தார்.

நாள் முழுக்க ஜெர்மன்காரர்கள் பேசிய டேப்பைக் கேட்பேன். நமக்கு 'வந்தானா' என்றால் அந்த 'ஆ'வே கேள்வி. அவர்களுக்குப் பல நேரம் குரல்தான் மேலே போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்தையும் கோடாக வரைந்து, கணக்காக்கிக் கொடுத்தேன். காது புண்ணாகிவிட்டது.

வேலை முடிந்ததும் ஒருவரை ஜெர்மனிக்கு அனுப்புவார்கள், அங்கேயே இதைத் தொடர. "உன்னவுட்டா வேற யாரு கீறாங்க?" என்றார் சார். பக்கத்து வல்லக்கோட்டைக்காரர், வார்த்தை மாற மாட்டார் என்று நம்பினேன். அம்மா மீனம்மாள் அதற்கு மேலே.

"எம் பொண்ணு பிளேன் ஏறப் போவுதுன்னு குழாயாண்ட எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டீ கங்கா!"

பரிசோதனைக்கு ஜெர்மனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எல்லா வாக்கியங்களையும் பெட்டிதான் தன் கரகரத்த குரலில் சொல்லும். பாதி வாக்கியங்களில் ஏற்ற இறக்கம் நான் எழுதிய விதிப்படி வரும். மீதிப் பாதியில், நான் பேசிப் பதிவு செய்ததிலிருந்து அப்படியே எடுத்தது. ஏற்ற இறக்கம் மனிதர் பேசிய மாதிரி இல்லை என்று தோன்றினால் அவர்கள் கை தூக்க வேண்டும்.

முதல் வாக்கியம் விதியுடையது. ஒரு கையும் எழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது என்னுடையது. மூன்று கைகளும் எழுந்தன. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்தடுத்து என்னுடையது வந்தபோதெல்லாம் எழுந்தன. நான் எழுதிய விதி மனிதப் பேச்சாம், நான் பேசியது மெஷினாம். அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"ஜெயிச்சிட்டோம் கங்கா! ஒரு வாட்டி கூட மெஷினக் கண்டுபுடிக்கலயே!" என்று குதித்தார் சார்.

மூவரில் மூத்தவர் சாரின் கையைக் குலுக்கினார். கை தூக்கிய வாக்கியங்களெல்லாம் உங்கள் பழைய விதியா, அதில் கோளாறு நிறைய இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார். அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்ததோ! இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் முன்னால் போய் நின்றேன். அது என் பேச்சு, விதிகளை எழுதியவளும் நான்தான் என்று ஜெர்மனில் சொன்னேன். ஒரு பிழை கிடையாது.

மூத்தவர் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் நிதானமாக, ஆங்கிலத்தில் சொன்னார்: "ரொம்ப நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் சிரமப்பட வேண்டாமே, ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்."

அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போனது இராமச்சந்திரன் சார். அந்தப் பாஷையில் ஒரு வணக்கம்கூட அவருக்குச் சொல்லத் தெரியாது.