சம்பந்தியும் கலங்கல் ஒயினும்

எதை ஒயின் என்று சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பல நாட்டுக்காரர்கள் ஒரே மேஜையைச் சுற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இனிப்பு, புளிப்பு இரண்டிலும் ஒருவழியாக ஒத்துப்போயாயிற்று. பாக்கி இருந்தது தெளிவு மட்டும்தான்.

கிளாஸைச் சாய்த்து, அடியில் அச்சடித்த தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது ஒயின் இல்லை. இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தவர் பக்கத்து நாட்டுப் பிரதிநிதி. எதிரே தன் நாட்டின் சார்பில் உட்கார்ந்திருந்த ரசாயன நிபுணிக்கு அவர் வருங்காலச் சம்பந்தி. அவள் பெண்ணுக்கும் அவர் பிள்ளைக்கும் அடுத்த மாதம் கல்யாணம்.

ஒயின் செய்து விற்கும் அவள் அண்ணன் அதை வடிகட்டுவதே இல்லை. "வடிகட்டினா ருசியும் சேர்ந்து போயிடும்மா" என்பான். விதி நிறைவேறினால் 'திராட்சை பானம்' என்று லேபிள் ஒட்டிக்கொண்டு அவன் கடையை மூட வேண்டியதுதான்.

பரிசோதனைக்கு வந்த பாட்டில்களின் லேபிளை மறைத்து ஊற்றினார்கள். முதல் கிளாஸில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சம்பந்தி தலையாட்டினார். இரண்டாவதைச் சாய்த்ததும் கொதித்தே போனார்.

"இதுவும் ஒரு ஒயினா? செஞ்சவன் வெக்கப்படணும்!"

மறைப்பைக் கிழித்தார்கள். அது அவர் சொந்தத் தோட்டத்துப் பழைய ஒயின். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் குலுங்கி, அடியில் இருந்த வண்டல் மேலே வந்துவிட்டது. முதல் கிளாஸ் அவள் அண்ணனுடையது. முன்கூட்டியே வந்து, வண்டல் அடியில் படிய அலமாரியில் அசையாமல் நின்றிருந்த பாட்டில்.

அறையே சிரித்தது. சம்பந்தியின் முகம் சுண்டிப்போயிற்று. வாயை மூடிக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போகலாம்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனின் பாட்டிலை எடுத்து மூடி, எல்லாரும் பார்க்க ஓங்கி ஒரு குலுக்கு குலுக்கி, மறுபடி ஊற்றினாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"இப்ப ரெண்டும் ஒண்ணுதான். சம்பந்தி ஒயின்ல குத்தம் இல்லீங்க, ரயில்லதான் குத்தம். இந்த விதி ஒயினை அளக்கல, அது வந்த வழியை அளக்குது."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து, தான் எழுதிய வரியைத் தானே அடித்தார். வண்டல் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், பெயரைப் பறிக்கக் கூடாது என்று மாற்றி எழுதினார். எல்லா நாட்டுக் கையும் உயர்ந்தது.

அவள் வராந்தாவுக்கு ஓடிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பேர் தப்பிச்சுது. தைரியமா ஒயின்னே போட்டுக்கோ."

அந்தப் பக்கம் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சம்பந்தி கோவிச்சுக்கிட்டாரா?"

"கல்யாணத்துக்கு உன் ஒயின்தான் வேணுமாம். ஆனா நிக்க வச்சே கொண்டு வரணுமாம்."