பதினாலு கிலோ இடம்

மீனச்சிலாற்றங்கரையில் ஏலிக்குட்டி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. நங்கூரம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஓணத்தில் பெண்களின் வடம் இழுக்கும் போட்டியில், கயிற்றின் முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாகச் சாய்ந்து நிற்பாள். எதிரணி தலைகீழாக நின்றாலும் அசைக்க முடியாது. தொண்ணூற்றாறு கிலோ. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தை மாதம் அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது. நாற்பத்து நாலு வயதில் உதிரப்போக்கு நிற்கவில்லை. பரிசோதித்த டாக்டரம்மா ஒளிக்கவில்லை.

"கருப்பைக்குள்ள சவ்வு தடிச்சிருக்கு. இப்ப கேன்சர் இல்ல. இப்படியே விட்டா ஒருநாள் ஆகலாம். உங்க எடையும் சர்க்கரையும்தான் அதுக்குத் தீனி போடுது. மாத்திரை நான் தர்றேன், எடையை நீங்க குறைங்க. ஓணத்துக்கு முன்னாடி மறுபடி பார்ப்போம்."

விஷயம் கணவன் குரியாச்சனுக்கு மட்டும்தான் தெரியும். மரவள்ளிக்கிழங்கு ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. காலையில் ஆற்றங்கரையில் விறுவிறுவென்று நடந்தாள். பயத்தைவிட நல்ல வாத்தியார் யார்!

அணித்தலைவி சௌதாமினிக்கோ வயிறு எரிந்தது.

"எடி, இந்த வயசுல யாருக்கு அழகு காட்டப் போற? நங்கூரம் தூண்டில் முள்ளாப் போச்சே!"

திட்டிவிட்டு, தூக்கு நிறையப் பாயசமும் கொண்டுவந்து வைப்பாள். அத்தனையும் குரியாச்சன் வயிற்றுக்குள் போனது.

எடை பார்க்கும் நாள் வந்தது. ஏழு பேரும் சேர்ந்து நானூற்றெண்பது கிலோவைத் தாண்டக் கூடாது. போன வருஷம் இழுத்த ஐம்பத்தாறு கிலோ ஷைனி, கல்யாணமாகிக் குவைத் போய்விட்டாள். கல்குவாரியில் வேலை செய்யும் உமைபா எழுபது கிலோ. கை ரெண்டும் இரும்பு. ஏலிக்குட்டியின் எடையால் வருஷாவருஷம் வெளியே நின்றவள். இந்த முறை ஏலிக்குட்டி எண்பத்திரண்டுதான்; ஷைனியின் இடத்தில் உமைபாவும் தராசில் ஏறினாள். முள் நானூற்றெண்பதில் நின்றது.

சௌதாமினி உமைபாவைக் கையோடு இழுத்து அணியில் நிறுத்தினாள்.

இறுதி இழுவையன்று குரியாச்சன் மறுபரிசோதனையின் முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். கயிறு அங்குலங்கூட நகரவில்லை. ஏலிக்குட்டியின் கண் கூட்டத்தில் குரியாச்சனைத் தேடியது. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்ல!"

சௌதாமினிக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்ககிட்ட பலம் ஒண்ணுமில்லையா? இழுங்கடி!"

எதிரணி மொத்தமும் குப்புற விழுந்தது.

ஏலிக்குட்டி கயிற்றோடு மல்லாந்து கிடந்து சிரித்தாள், அழுதாள். சந்தோஷத்தில் எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. ஒருவழியாக விஷயத்தைச் சொன்னாள்.

"பாயசம் கொடுத்தேனேடி பாவி!" என்று சௌதாமினி அவள் முதுகில் ரெண்டு அடி வைத்து, இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் இவர்தான் குடிச்சார், சேச்சி."

சௌதாமினி குரியாச்சனின் தொப்பையைப் பார்த்தாள். பரிசாக வந்த நேந்திரம்பழக் குலையைச் சட்டென்று அவனுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"காலையில இவரையும் நடக்கக் கூட்டிட்டுப் போ. நீ விட்ட பதினாலு கிலோ உமைபாவோட இடம். அதுல ஒரு கிலோ திரும்பி வந்தாலும் காலை ஒடிப்பேன்!"