கண்ணு பட்ட முட்டை

பதுளைக் கடைவீதியில் எங்கள் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. தன் பிள்ளை துரைமாருடன் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு என்னை ஏழு வருடம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் கற்றுக்கொண்டது ஆங்கிலம் பாதி, கர்வம் பாதி. இந்த முதலோடு ஹப்புத்தளைக்கு மேலே வெள்ளைக்கல் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராகச் சேர்ந்தேன். சிவஞானம் என்ற என் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை. கிளாக்கர் ஐயா என்பார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

பழைய துரை எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அவர் 1919இல் சீமைக்குப் போய்விட, புதுத் துரை வந்தார். இவருக்கு வா, போ, சீக்கிரம் என்ற மூன்று சொற்களுக்கு மேல் தமிழ் ஏறவில்லை. ஆகவே துரை சொல்வதை ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதைத் துரைக்கும் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதாவது, இரண்டு பக்கமும் எதைக் கேட்க வேண்டும் என்பதை நான் தீர்மானித்தேன். அந்த அதிகாரம் எனக்கு வெல்லமாக இருந்தது.

புதுத் துரைக்குத் தேயிலையைவிட மீன்மேல்தான் பிரியம். அவர் ஊரில் ட்ரவுட் என்று ஒரு மீன். குளிர்ந்த ஓடைத் தண்ணீரில்தான் உயிர் வாழும், தூண்டிலில் மாட்டினால் சண்டை போடும் என்றார். அதை எங்கள் தோட்டத்து ஓடையில் வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை போட வேண்டும் என்பது அவருடைய கனவு. நுவரெலியாவில் அந்த மீன் முட்டையைப் பொரிக்க வைக்கும் கொட்டில் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒரு பெட்டி முட்டை தருவதாகக் கடிதம் வந்தது. துரை ஓடைக்கரையில் தகரக் கூரைக் கொட்டில் ஒன்று போட்டு, இரண்டு நீள மரத்தொட்டிகள் செய்து, ஊற்றுத் தண்ணீரைக் கம்பளித் துணியில் வடிகட்டி ஓடவிட்டார்.

முட்டைக்குக் காவல் இருக்க ஒரு பெண் வேண்டும் என்றார். வேலை இதுதான்: செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதன்மேல் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் தாவும். ஆகவே வெள்ளை விழுந்ததைக் கம்பி வளையத்தால் உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும், மற்றதை அசைக்காமல். கொழுந்து பறித்துப் பழகிய விரல்தான் அதற்குச் சரி என்று துரை நினைத்தார். அது அவர் நினைத்தவற்றில் சரியான ஒன்று.

இராக்கம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். தயவினால் இல்லை. அவள் மலையில் ஏற முடியாதவள், அவளைக் கொட்டிலில் போட்டால் கொழுந்துக் கணக்கு குறையாது. போன வருடம் தேயிலைக்கு நடுவே வெட்டிய வடிகால் கானுக்குள் விழுந்து கணுக்கால் முறிந்து, கோணலாகப் பொருந்திவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த ஊரான திருச்சிப் பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. பெயரை அடித்துவிட்டால் அன்றைக்கே வெளியே. பெரிய கங்காணி இராமையா அவளுடைய காம்பராவைக் கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, புதிதாகக் கூட்டிவந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கக் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

"இந்த முட்ட பொரிச்சா என் காம்பரா நிக்குமாங்கய்யா?" என்று கேட்டாள்.

"பொரிக்க வையி, நிக்கும்" என்றேன்.

தை பிறந்த மூன்றாம் நாள் பெட்டி வந்தது. ஈரப் பாசி, ஐஸ், நடுவே துணித் தட்டுகளில் முட்டைகள். பட்டாணி அளவுகூட இல்லை, செம்மஞ்சள் நிறம். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கோயிலில்கூட நாங்கள் அவ்வளவு பவ்வியமாக நின்றதில்லை.

"ஐட் ஓவா" என்றார். "இவளுக்குச் சொல்."

ஓவா என்றால் முட்டை. ஐ என்றால் கண். கடைசியில் ஒரு ட். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது: ஆங்கிலச் சொல் அப்படி முடிந்தால் தமிழில் 'பட்ட' போட வேண்டும். எழுதப்பட்ட, உடைக்கப்பட்ட, அனுப்பப்பட்ட. நான் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"கண்ணு பட்ட முட்டை" என்றேன்.

இராக்கம்மாவின் முகம் மாறியது. "வரும்போதேயா?"

"வரும்போதே" என்றேன். துரை அப்படித்தான் சொன்னார் என்று அழுத்தமும் கொடுத்தேன்.

உள்ளே குஞ்சின் கண் இரண்டு கரும்புள்ளியாகத் தெரிகிற பருவத்துக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பருவம் வந்த பிறகுதான் முட்டையை ஊர்விட்டு ஊர் அனுப்ப முடியும், முன்னால் அசைத்தால் செத்துவிடும். ஆக, அது நல்ல முட்டைக்குச் சொல்கிற பெயர். கண் தெரிகிற முட்டை என்று சொல்லியிருந்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும். எனக்கே அது பிறகுதான் புரிந்தது.

அவள் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்பே வந்து, பலகை மூடியை நாலு விரல் திறந்து, அந்த அரை வெளிச்சத்தில் வெள்ளையைக் கண்டுபிடிப்பாள். கம்பி உள்ளே போய் வெளியே வருவது தெரியாது. ஒரு நாளில் பன்னிரண்டு, பதினைந்து முட்டைதான் சாகிறது என்று துரை சந்தோஷப்பட்டார். ஒரு நாள் அவள் என்னைக் கேட்டாள்:

"ஐயா, இது பெருசாச்சுன்னா ஓடையில இருக்கிற பொடி மீனையெல்லாம் தின்னுராதா? நம்ம சனம் துணி போட்டுப் பிடிக்குதே, அது?"

துரை பக்கத்தில்தான் நின்றார். என்ன சொல்கிறாள் என்றார். தண்ணீர் குளிர்கிறதாம் என்றேன். அவருடைய கனவில் மண் போடுகிற கேள்வியை நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. பொழுது சாயும் நேரம். ஆபீஸிலிருந்து துரையும் நானும் கொட்டிலுக்கு இறங்கினோம். பாதி வழியில் மிளகாய் நெடி மூக்கைப் பிடித்தது. கண் பட்டிருந்தால் நெடி அடிக்காது என்பார்கள். அந்தக் கணக்குப்படி முட்டைகளுக்கு ஒரு குறையும் இல்லை. துரைதான் இருமிக் கண்ணீர் வடித்தார்.

உள்ளே இராக்கம்மா கோணல் காலை இழுத்து இழுத்து ஒரு தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மிளகாயை வாசலில் நெருப்பில் போட்டாயிற்று. கையில் உப்பு. "ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, சீமைக் கண்ணு, உப்பா கரைஞ்சு போகட்டும்" என்று சொல்லி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தண்ணீர் வந்து விழும் மூலையில் கரைத்தாள்.

துரை கத்திய கத்தலில் கம்பி வளையம் அவள் மடியிலிருந்து விழுந்தது. "என்ன செய்கிறாள்? எத்தனை நாளாகச் செய்கிறாள்? ஏன்? கேள்!"

கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்கதானேய்யா சொன்னீங்க, கண்ணு பட்ட முட்டைன்னு? வரும்போதேன்னீங்க. தொரையே சொல்றாருன்னீங்க. கண்ணு பட்டத அப்படியே விட்டா பொரிக்குமா? ஞாயித்துக்கெழமையும் கழிச்சேன், செவ்வாக்கெழமையும் கழிச்சேன், இன்னைக்கும் கழிச்சேன். ஒரு கை உப்பு, அம்புட்டுதான். ஓடுற தண்ணி, கரைஞ்சு போயிரும். முட்ட நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன், கெடணும்னா செஞ்சேன்? நீங்க சொல்லலைன்னா எனக்கென்ன தெரியும்? அப்படியே சொல்லுங்கய்யா தொரைகிட்ட."

அந்த இடத்தில்தான் என் 'பட்ட' எனக்குப் புரிந்தது. என் முட்டாள்தனத்தை நானே ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் என் படிப்பு சந்தி சிரிக்கும், வேலையும் போகலாம். அப்பா கடையில் எல்லாரிடமும் என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவர்கள் வழக்கம் என்கிறாள்" என்றேன் துரையிடம்.

"சொல்லிட்டீங்களாய்யா?" என்றாள் அவள்.

"சொல்லிட்டேன்."

நாளையிலிருந்து மலைக்கு ஏறட்டும், முடியாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போகட்டும் என்று துரை தீர்ப்புச் சொன்னார். அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவள் ஒரு நாள் ஏறிப் பார்த்தாள். மறுநாள் இராமையா கங்காணி அவளுடைய சட்டி பானையைக் காம்பரா வாசலில் எடுத்து வைத்தார். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

கொட்டிலுக்குக் கங்காணியின் மச்சான் வந்தான். நல்ல உழைப்பாளி, விரல்தான் உலக்கை. ஒரு வெள்ளையை எடுக்க நாலு நல்லதை நசுக்குவான், பிறகு எதையும் எடுக்காமல் உட்கார்ந்திருப்பான். மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. அடுத்த வியாழக்கிழமை இரண்டு தொட்டியிலும் அழுக்குப் பஞ்சுதான் கிடந்தது. உப்பு போட்டவள் கெடுத்துவிட்டாள் என்று, தினம் செத்த கணக்கையும் சேர்த்து, துரை நுவரெலியாவுக்குக் கடிதம் சொல்ல, என் முத்து முத்தான கையெழுத்தில் நானே எழுதினேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நுவரெலியாக் கொட்டில்காரர் வெள்ளைக்காரர்தான், ஆனால் நேராகப் பேசுகிறவர். ஓடுகிற தண்ணீரில் ஒரு கை உப்பு முட்டையைக் கொல்லாது, பூஞ்சணத்துக்கு நாங்களே சில சமயம் உப்பு போடுகிறோம். அவள் இருந்தவரை ஒரு நாளில் பதினைந்துக்கு மேல் சாகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் இருந்தால் இன்னொரு பெட்டி அனுப்புகிறேன், இல்லாவிட்டால் வீண். இவ்வளவுதான் கடிதம்.

துரை அதை இரண்டு தடவை வாசித்தார். "அவளைக் கூட்டிவா" என்றார்.

தெமோதரையில் பதுளைக்கு ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு நொண்டிப் பொம்பளை கல் உடைப்பதாக வண்டிக்கார வாஹித் சொன்னான். பண்டாரவளை வரை ரயிலில் போய், அங்கிருந்து எல்ல வழியாக வாஹித்தின் வண்டியில் போனேன். தகரக் குடிசைகளுக்குப் பக்கத்தில், வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்து அவள் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். முட்டை பொறுக்கிய விரல்களில் துணி சுற்றியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

துரை கூப்பிடுகிறார், காம்பரா தருவார் என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நான் சொன்னத தொரைகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனே."

"இல்லைங்கய்யா. நான் பேசுனது இம்புட்டு நீளம்" என்று இரண்டு கையையும் விரித்தாள். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினாள். "நீங்க சொன்னது இத்துனூண்டு."

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் 'பட்ட'வையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"என் முன்னால தொரைகிட்டச் சொல்லுங்க, வாரேன்."

"சொன்னா என் வேல போயிரும், இராக்கம்மா."

"என் காம்பரா போச்சே ஐயா. அப்ப ஒண்ணும் போகலியா?" என்றாள். பிறகு, "ஒங்க இங்கிலீசு எனக்கு வெளங்காது. நீளமா எதையாச்சும் சொல்லி ஏமாத்திரலாம். அதனால அந்த மூணு வார்த்தைய மட்டும் தமிழ்லயே சொல்லணும். என் காதுல விழுகணும்."

வண்டியில் வரும் வழியெல்லாம் அந்த மூன்று சொற்களைச் சொல்லாமல் தப்பிக்க வழி தேடினேன். அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வழி அகப்படவில்லை.

மறுநாள் காலை கொட்டிலில் துரை நின்றார். தொட்டிகளைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். எவ்வளவு உப்பு போட்டாள் என்று கேள் என்றார். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும், சார், என்று ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போய், அந்த இடம் வந்ததும், "கண்ணு பட்ட முட்டை" என்றேன். இராக்கம்மா தலையை நிமிர்த்தினாள். அதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம், அதை யார் சொன்னது, அன்று அவள் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

துரை காய்ந்த தொட்டியின் பலகையை விரலால் தடவினார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவளிடம் சொல்" என்றார். "அவளுக்குக் காம்பரா உண்டு. அவள் பெயர் செக்ரோலில் நிற்கும். இந்த மாதக் கடைசியோடு நீ போகிறாய் என்பதையும் சொல்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஒனக்குக் காம்பரா உண்டாம். செக்ரோல்ல பேரு நிக்குமாம். மாசக் கடைசியோட நான் போகணுமாம்."

அவள் துரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கடைசியா சொன்னது நடக்கணும்னு நான் கேக்கலியே ஐயா" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று துரை கேட்டார்.

அதையும் அப்படியே சொன்னேன்.