நடுத்தர ஜப்பான்

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் இன்றைக்கு வருகிறான், நாளைக்கு வருகிறான் என்று தென்காசியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மலையில் இடி முழங்கினால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அந்த ஜப்பான்காரனை வைத்தே பிழைத்துவிடலாம் என்று கணக்குப் போட்ட ஒரே ஆத்மா நாறும்பூநாதன்.

அவர் தாலுகா கச்சேரியில் தற்காலிகக் குமாஸ்தா. ஆடி முடிந்தால் வேலையும் முடிந்தது. பிறகு சிவகிரிக்குப் போய், மைத்துனன் மாடக்கண்ணு வீட்டோடு கிடந்து, அவன் தோப்பில் தேங்காய் பொறுக்க வேண்டியதுதான். "அத்தான் எப்ப வருதாவ?" என்று மாடக்கண்ணு வாரந்தோறும் ஆள்விட்டுக் கேட்டான். அந்தப் பாசத்தில்தான் நாறும்பூநாதனுக்குப் பாதி உயிர் போயிற்று.

அப்போது பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. தபால்களைப் பிரித்துப் படிக்கிற யுத்தகால ஆபீஸ் ஒன்றுக்கு, ஜப்பான் பாஷையில் 'நடுத்தர அறிவு' உள்ளவர் தேவை. பேட்டி குற்றாலத்து பங்களாவில், சீசனுக்கு வந்து தங்கியிருக்கும் துரை முன்னால்.

ஆரம்ப அறிவு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ரங்கூனிலிருந்து தப்பி வந்த ஹபீபுல்லா பாய் கொடுத்த குட்டிப் புத்தகத்தை முடித்திருந்தார். பத்து வரை எண்ணுவார். "இது நாற்காலி" என்று சொல்வார். வீட்டில் நாற்காலி கிடையாது, உரலைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

"நடுத்தரத்துக்கு எந்தப் புஸ்தகம்னு முடிவு பண்ணிட்டாப் போதும், உலகம்மை. மிச்சம் தன்னால வந்துரும்."

"எது, ஜப்பான்காரனா?" என்றாள் அவர் மனைவி.

முதலில் மிஷன் பள்ளிக்கூடத்து ரெபேக்காள் டீச்சர் ஒரு இலக்கணப் புத்தகம் கொடுத்தாள். ஜப்பானில் ஊழியம் செய்த பாதிரியார் எழுதியது, அம்மிக்கல் கனம். அதை இழுத்து வந்த வண்டிமாடு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. "இதுல பாவமன்னிப்பு கேக்க நூறு வழி இருக்கு அண்ணாச்சி, ஒரு வாய் காப்பி கேக்கத்தான் வழி இல்ல" என்றாள்.

ஹபீபுல்லா பாய் தன் பங்குக்குக் கோபே நகரத்துப் பட்டு வியாபாரிகளின் சம்பாஷணைப் புத்தகத்தைக் கொடுத்தார். அட்டை முதல் அட்டை வரை பேரம். "இதைப் படிச்சுட்டா, ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்ச விலையில பாதிக்கே நாம திருப்பி வாங்கிரலாம் அண்ணாச்சி!"

மூன்றாவது, கிராமபோன் தட்டு. உச்சரிப்புப் பாடம். குற்றாலத்துச் சாரலில் நனைந்து வளைந்து போனது. சாவி கொடுத்ததும் ஒரு ஜப்பான்காரி யாரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரி பேசினாள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு ஒரு பசுவும் பால் கறக்கவில்லை என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

மூன்றையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு நாறும்பூநாதன் ஒப்பிட்டார். காலையில் இலக்கணம் உசத்தி, மத்தியானம் பேரம் உசத்தி, ராத்திரி தட்டு உசத்தி. முன்னுரை தாண்டி ஒரு பக்கம் திருப்பவில்லை. தப்பான புத்தகத்தைப் படித்துத் தொலைத்துவிட்டால், தப்பான ஜப்பான் அல்லவா மண்டைக்குள் ஏறிவிடும்?

"ஏதாவது ஒண்ணைப் படியுங்களேன், பேட்டி வந்துட்டுல்லா!" என்று உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெசனப்படாதே. சாமிகிட்ட கேட்டுருதேன்."

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூக்கட்டிப் பார்க்கிற ஊர். ஜப்பான் பாஷைக்குப் பார்த்தால் என்ன? இடி விழுந்து பிளந்து நின்ற கோபுரத்தைக் கடந்து, காசி விசுவநாதர் சந்நிதியில் மூன்று பொட்டலம் வைத்தார். அரளி இலக்கணம், பிச்சி பேரம், துளசி தட்டு. பட்டர் எடுத்தார். அரளி.

"நல்லதுதான். ஆனா ரொம்ப கனமா இருக்கே சாமி. இன்னொரு தடவை பாப்போம்."

பிச்சி வந்தது. "பேரத்துக்கு நமக்கு வாய் பத்தாதே." அடுத்து துளசி. "தட்டு வளைஞ்சிருக்கே!"

பட்டர் பூத்தட்டை ஓரமாக வைத்தார். "ஓய், சாமி மூணையும் சொல்லியாச்சு. இன்னும் என்ன, அவரே வந்து வாசிச்சுக் காட்டணுமாவே?"

மூன்றுமே வந்ததால் மூன்றுமே சரியில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, நாலாவது புத்தகம் தேட ஆரம்பித்தார். அது கிடைப்பதற்குள் பேட்டி நாள் வந்துவிட்டது.

பங்களாவில் அவரைத் தவிர இன்னும் ஒரே ஒருத்தன். அச்சன்புதூர் சிவசுப்பிரமணியன். முன்பக்கமும் பின்பக்கமும் கிழிந்த ஒரே புத்தகத்தை உருப்போட்டு வந்தவன். துரைக்கு ஜப்பான் பாஷையில் ஒரு எழுத்தும் தெரியாது. கேள்வித்தாளோ வந்து சேரவில்லை; பட்டணத்து ஆபீஸ்கள் குண்டுக்குப் பயந்து மூட்டை கட்டியபோது எந்த ஊர் மூட்டையில் சிக்கியதோ! "பேசு" என்றார் துரை. சிவசுப்பிரமணியன் பேசினான். பேரருவியில் வெள்ளம் வந்த மாதிரி கொட்டினான். துரை முகம் வெளுத்தது. எதிரி பாஷை இவனுக்கு எதற்கு இவ்வளவு நன்றாகத் தெரிய வேண்டும்? இரண்டு போலீஸ்காரர்களைக் கூட அனுப்பி, அவனை வீடுவரை கொண்டுபோய் விடச் சொன்னார்.

அடுத்து நாறும்பூநாதன். "எப்படிப் படித்தீர்?"

அவ்வளவுதான், மடை திறந்தது. இலக்கணத்தின் பாவம், பேரத்தின் லாபம், தட்டின் வளைவு, இன்னும் கிடைக்காத நாலாவது புத்தகத்தின் அருமை. இடையில் குரங்கு ஒன்று துரையின் பிஸ்கட்டைத் தட்டோடு கொண்டுபோனது. துரை கவனிக்கவில்லை.

"சரி, ஜப்பானில் ஏதாவது சொல்லும்."

நாறும்பூநாதன் துரை உட்கார்ந்திருந்ததைக் காட்டி, இது நாற்காலி என்றார் ஜப்பானில். அர்த்தத்தையும் சொன்னார். துரை குனிந்து பார்த்தார். நாற்காலிதான்.

"நம்பகமான மனிதர். அறிவு நடுத்தரம். இவரால் சர்க்காருக்கு ஒரு ஆபத்தும் வராது" என்று எழுதி வேலையைக் கொடுத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு ஜப்பானியக் கடிதம் மேஜைக்கு வந்தது. நாறும்பூநாதன் நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதில் தெரிந்தது சிவகிரித் தோப்புதான். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பேனாவை எடுத்து ஓரத்தில் குறிப்பு எழுதினார்:

"இது உயர்தரக் கடிதம். விதிப்படி நடுத்தரக் கடிதங்களை மட்டுமே இவ்விடம் அனுப்ப வேண்டியது."

துரை படித்துப் பார்த்து, முறையாக வேலை செய்கிற ஆள் என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டார். யுத்தம் முடிகிற வரைக்கும் ஒரு நடுத்தரக் கடிதமாவது வர வேண்டுமே! வரவில்லை.